உலகம் முடியும் நாளைக் கணக்குப் போட்ட விவசாயி

1844-ம் ஆண்டு, அக்டோபர் 22-ந் தேதி. செவ்வாய்க்கிழமை.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அன்று வேலைக்குப் போகவில்லை.

சிலருடைய நிலத்தில் விளைந்த பயிர் அப்படியே கிடந்தது. அறுக்க ஆள் போகவில்லை. சிலர் கடையைப் பூட்டிவிட்டார்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சண்டை போட்டவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு எல்லோரும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். அடிக்கடி வானத்தை நிமிர்ந்து பார்த்தார்கள்.

காரணம் என்ன? அன்று ஏசுநாதர் மீண்டும் வருவார் என்று அவர்கள் நம்பினார்கள். உலகத்தில் உள்ள அரசுகள் எல்லாம் அன்றோடு முடிந்துவிடும், கடவுளின் அரசு தொடங்கிவிடும் என்று காத்திருந்தார்கள்.

இப்படி நம்பியவர்கள் சுமார் 50 ஆயிரம் பேர் என்று சொல்லப்படுகிறது. ஒரு லட்சம் பேர் இருக்கும் என்று சொல்லுவோரும் உண்டு.

இத்தனை பேரையும் நம்ப வைத்தவர் அரசர் அல்ல. பட்டம் பெற்ற பண்டிதரும் அல்ல. அவர் ஒரு விவசாயி. பெயர், வில்லியம் மில்லர்.

அவருடைய கதை இது.

மூத்த பிள்ளை

வில்லியம் மில்லர் 1782-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிட்ஸ்பீல்டு.

அப்பாவுக்கும் வில்லியம் என்றுதான் பெயர். அவர் அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை செய்தவர். அம்மா பாலினா. அவர் பாப்டிஸ்டு சபைப் பிரசங்கியார் ஒருவரின் மகள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் 16 பேர். வில்லியம்தான் மூத்தவன்.

பையனுக்கு நாலு வயது ஆனபோது, குடும்பம் நியூயார்க் மாநிலத்தில் உள்ள லோ ஹாம்ப்டன் என்ற சிற்றூருக்குக் குடியேறியது. அது காட்டுப் பகுதி. மரத்தை வெட்டி, நிலத்தைத் திருத்தி, பயிர் செய்ய வேண்டும்.

பையனுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தது அம்மாதான். ஒன்பது வயதுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போனான். அதுவும் குளிர்காலத்தில் மூன்று மாதம் மட்டும். மற்ற மாதங்களில் வயல் வேலை.

விறகு வெளிச்சம்

பையனுக்குப் படிப்பு என்றால் உயிர். ஆனால் வீட்டில் இருந்த புத்தகங்கள் பைபிளும் ஜெபப் புத்தகங்களும்தான்.

ஓய்வு நேரத்தில் மரம் வெட்டிக் காசு சேர்த்தான். அந்தக் காசில் ராபின்சன் குரூசோ கதைப் புத்தகம் வாங்கினான்.

பகலில் வேலை. படிக்க வேண்டுமானால் இரவில்தான் படிக்க வேண்டும். மெழுகுவர்த்திக்குக் காசு இல்லை. என்ன செய்வது?

பைன் மரத்தில் பிசின் ஊறிய முடிச்சுக் கட்டைகள் இருக்கும். பற்றவைத்தால் விளக்குப்போல எரியும். பையன் அவற்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டான். வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு, கணப்பு அடுப்பில் கட்டையைப் போட்டு, அந்த வெளிச்சத்தில் தரையில் படுத்துக்கொண்டு படித்தான்.

ஒருநாள் இரவு அப்பா கண் விழித்தார். அறை முழுவதும் வெளிச்சம்! வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று அலறி எழுந்து ஓடிவந்தார். வந்து பார்த்தால், மகன் புத்தகமும் கையுமாக இருக்கிறான். ஒழுங்காகப் போய்ப் படுக்காவிட்டால் சவுக்கடி விழும் என்று மிரட்டி அனுப்பினார்.

பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் தங்கள் புத்தகங்களை அவனுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். அப்படிப் படித்தே அவன் அறிவாளி ஆனான்.

கேலி பேசிய காலம்

1803-ம் ஆண்டு மில்லருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் லூசி ஸ்மித். வெர்மாண்ட் மாநிலத்தில் உள்ள பூல்ட்னி என்ற ஊரைச் சேர்ந்தவர். மில்லரும் அந்த ஊருக்கே குடிபோனார்.

அங்கே ஒரு நூல் நிலையம் இருந்தது. வால்டேர், ஹியூம், தாமஸ் பெயின் ஆகியோரின் நூல்களை மில்லர் படித்தார். அவர்கள் மதக் கொள்கைகளைக் கேள்வி கேட்டவர்கள். மில்லரின் மனம் மாறியது.

உலகத்தைப் படைத்த கடவுள் ஒருவர் இருக்கலாம். ஆனால் அவர் மனிதர் காரியத்தில் தலையிடுவது இல்லை. பைபிள் மனிதர் எழுதிய புத்தகம்தான் என்று முடிவுக்கு வந்தார்.

அவருடைய தாத்தாவும் சித்தப்பாவும் பிரசங்கிகள். அவர்களைப்போலக் குரலை மாற்றிப் பேசி, கையை ஆட்டி நடித்துக் காட்டுவார். நண்பர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். இதைக் கேள்விப்பட்டு அம்மா கண்ணீர் விட்டார்.

ஊரில் மட்டும் அவருக்கு நல்ல பெயர். காவல் அதிகாரி, நீதி வழங்கும் பதவி என்று பல பொறுப்புகள் அவரைத் தேடி வந்தன.

பக்கத்தில் விழுந்த குண்டு

1812-ம் ஆண்டு அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. மில்லர் பட்டாளத்தில் சேர்ந்தார். கேப்டன் ஆனார்.

அந்த ஆண்டிலேயே அப்பா இறந்துபோனார். சாவு என்றால் என்ன, அதற்குப் பிறகு என்ன என்ற கேள்வி அவர் மனதைக் குடையத் தொடங்கியது.

1814-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி பிளாட்ஸ்பர்க் என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. பிரிட்டிஷ் படை மிகப் பெரியது. அமெரிக்கப் படை சிறியது. தோல்வி நிச்சயம் என்றே மில்லர் நினைத்தார்.

அப்போது ஒரு குண்டு அவர் அருகே விழுந்து வெடித்தது. இரண்டு அடி தூரம்தான்! அவருடைய ஆட்களில் மூவர் காயம் அடைந்தார்கள். ஒருவர் இறந்தார். மில்லருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்று ஏரியில் நடந்த கப்பல் சண்டையில் பிரிட்டிஷார் தோற்றார்கள். அவர்களுடைய தரைப்படையும் பின்வாங்கியது. சிறிய படை வென்றுவிட்டது.

தலையிடாத கடவுள் என்று சொன்னோமே, அப்படியானால் நம்மைக் காப்பாற்றியது யார் என்று மில்லர் யோசிக்க ஆரம்பித்தார்.

நா தழுதழுத்தது

போர் முடிந்தது. 1815-ல் மில்லர் லோ ஹாம்ப்டனுக்கே திரும்பினார். அப்பா வைத்துவிட்டுப் போன கடனை அடைத்தார். அம்மாவுக்குத் துணையாகப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். உழுது பயிர் செய்தார்.

அம்மாவுக்காகக் கோவிலுக்கும் போனார். ஆனால் பாதிரியார் வராத வாரங்களில் போகமாட்டார். அம்மா காரணம் கேட்டார். சபைப் பெரியவர்கள் பிரசங்கத்தை வாசிக்கிற விதம் சகிக்கவில்லை என்று மில்லர் பதில் சொன்னார். அப்படியானால் நீங்களே வாசியுங்கள் என்று பெரியவர்கள் பொறுப்பை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்!

1816-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லர் பிரசங்கம் வாசித்துக்கொண்டு இருந்தார். திடீர் என்று நா தழுதழுத்தது. கண்ணீர் வழிந்தது. மேலே வாசிக்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அன்றுமுதல் அவர் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பினார்.

பழைய நண்பர்கள் விடவில்லை. பைபிளில் ஒன்றுக்கொன்று முரண்பாடு இருக்கிறதே, அதற்கு என்ன பதில் என்று மடக்கினார்கள். நேரம் கொடுங்கள், பதில் கண்டுபிடிக்கிறேன் என்றார் மில்லர்.

பைபிளை முதல் பக்கத்தில் இருந்து எடுத்துக்கொண்டார். ஒரு வசனம் புரியாமல் அடுத்த வசனத்துக்குப் போவது இல்லை. ஒரு சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் அகராதி ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டு இப்படிப் படித்தார்.

அரசர் கண்ட சிலை

பைபிளில் தானியேல் ஆகமம் என்று ஒரு பகுதி உண்டு. அது மில்லரை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

பாபிலோன் அரசர் நேபுகாத்நேச்சார் ஒரு கனவு காண்கிறார். கனவில் பிரமாண்டமான ஒரு சிலை. தலை பொன். மார்பும் கைகளும் வெள்ளி. வயிறும் தொடையும் வெண்கலம். கால்கள் இரும்பு. பாதம் மட்டும் இரும்பும் களிமண்ணும் கலந்தது.

யாரும் கையால் பெயர்க்காத ஒரு கல் உருண்டு வந்து பாதத்தில் மோதுகிறது. சிலை தூள்தூளாகிறது. கல்லோ மலையாகி உலகத்தை நிரப்புகிறது.

பொன் தலை, பாபிலோன் அரசு. அதற்குப் பின் வேறு மூன்று அரசுகள் வரும். கடைசியில் கடவுளின் அழியாத அரசு வரும் என்று தானியேல் பொருள் சொன்னார்.

வெள்ளி, பெர்சியா. வெண்கலம், கிரேக்கம். இரும்பு, ரோமாபுரி. களிமண் கலந்த பாதம், ரோமாபுரி உடைந்து உண்டான ஐரோப்பிய நாடுகள். பல நூற்றாண்டாகக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் பலர் இப்படித்தான் சொல்லிவந்தார்கள்.

மில்லரும் அதையே ஏற்றுக்கொண்டார். நான்கு அரசும் வந்து போய்விட்டன. பாதத்தில் அல்லவா நாம் நிற்கிறோம்? இனி வரவேண்டியது கல் ஒன்றுதானே? அது எப்போது வரும்?

2,300 நாள்

அதற்கும் தானியேலில் ஓர் எண் கிடைத்தது. 2,300 நாளுக்குப் பிறகு ஆலயம் சுத்திகரிக்கப்படும் என்று அதில் வருகிறது.

தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்றால் ஓர் ஆண்டு என்று கொள்வது பழைய முறை. இஸ்ரவேலர் 40 நாள் வேவு பார்த்ததற்கு ஈடாக 40 ஆண்டு காட்டில் அலைந்தார்கள் அல்லவா? அதைப்போல.

ஆகவே 2,300 நாள் என்பது 2,300 ஆண்டு. எங்கே இருந்து எண்ணுவது? பெர்சிய அரசர் அர்தசஷ்டா எருசலேம் பற்றிக் கட்டளை பிறப்பித்த கி.மு. 457-ல் இருந்து எண்ணினார் மில்லர். 2,300-ல் 457 போனால் மீதி 1843.

ஆலயம் என்பது இந்தப் பூமி. சுத்திகரிப்பு என்பது ஏசுநாதர் திரும்பி வருவது என்று அவர் பொருள் கொண்டார்.

வேறு ஒரு கணக்கும் அவருக்குத் தைரியம் கொடுத்தது. தானியேலில் 70 வாரம் என்று வருகிறது. அதாவது 490 நாள். அதே முறையில் 490-ல் 457 போனால் 33. ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்ட ஆண்டு அது என்று மில்லர் கருதினார். ஒரு கணக்கு பலித்தது. மற்றதும் பலிக்கும் அல்லவா?

1818-ம் ஆண்டு அவர் இந்த முடிவுக்கு வந்தார். இன்னும் 25 ஆண்டுதான் இருக்கிறது!

போப்பாண்டவர் கைது

கணக்கை மட்டும் வைத்து அவர் நம்பிவிடவில்லை. அவர் காலத்துச் செய்திகளும் கணக்குக்குச் சாட்சி சொல்வதுபோலத் தோன்றின.

பைபிளில் 1,260 நாள் என்று இன்னோர் எண் உண்டு. அது ரோமாபுரியில் போப்பாண்டவரின் ஆட்சிக் காலம் என்று புராட்டஸ்டண்டு ஆசிரியர்கள் பலர் கருதினார்கள். கி.பி. 538-ல் தொடங்கி 1,260 ஆண்டைக் கூட்டினால் 1798 வரும்.

1798-ல் என்ன நடந்தது? பிரெஞ்சுத் தளபதி பெர்த்தியர் ரோமாபுரிக்குள் புகுந்தார். போப்பாண்டவர் ஆறாம் பயஸ் சிறைபிடிக்கப்பட்டார். மறு ஆண்டு பிரான்சில் காவலிலேயே இறந்துபோனார்.

இந்தச் செய்தி உலகத்தை உலுக்கியது. பைபிள் சொன்னது நம் கண் முன்னால் நடக்கிறது என்று பலர் பேசினார்கள். மில்லர் ஒருவர் மட்டும் அல்ல, பிரிட்டனிலும் பல பாதிரிமார்கள் இப்படியே எழுதினார்கள்.

ஆனால் ஒன்றை அவர்கள் மறந்தார்கள். 1800-ம் ஆண்டிலேயே புதிய போப்பாண்டவர் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்!

13 ஆண்டு மௌனம்

மில்லர் உடனே ஊரைக் கூட்டவில்லை. கணக்குத் தவறாக இருந்தால் ஊரை ஏமாற்றியது ஆகுமே என்று பயந்தார். திரும்பத் திரும்பச் சரி பார்த்தார். இப்படியே 13 ஆண்டு ஓடியது.

ஆனால் மனச்சாட்சி உறுத்தியது. வீடு தீப்பிடிக்கப் போகிறது என்று தெரிந்தும் சும்மா இருப்பது பாவம் அல்லவா?

1831-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஒரு சனிக்கிழமை காலை. யாராவது வந்து அழைத்தால் போய்ப் பேசுகிறேன் என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்தார். யார் அழைக்கப் போகிறார்கள் என்ற தைரியம்!

அரைமணி நேரம்தான் ஆனது. தங்கை மகன் வாசலில் வந்து நின்றான். டிரெஸ்டன் என்ற ஊரில் இருந்து வந்திருந்தான். நாளைக்கு எங்கள் ஊரில் பிரசங்கம் செய்ய ஆள் இல்லை, மாமா வந்து பேசவேண்டும் என்று அப்பா அனுப்பினார் என்றான்.

மில்லர் திகைத்துப்போனார். வீட்டின் அருகே இருந்த மரத்தோப்புக்குள் போய் வெகுநேரம் ஜெபம் செய்தார். பிறகு புறப்பட்டார்.

அப்போது அவருக்கு வயது 49.

நட்சத்திர மழை

அதன்பிறகு அழைப்புமேல் அழைப்பு வந்தது. பணத்துக்காக அவர் பேசவில்லை. கைக்காசைச் செலவு செய்துகொண்டு ஊர் ஊராகப் போனார். அவருக்கு முதன் முதலில் கிடைத்த உதவி, கனடாவில் ஒரு பெண்மணி கொடுத்த இரண்டு அரை டாலர் நாணயங்கள்தான்!

1833-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி விடியும் முன்பு ஓர் அதிசயம் நடந்தது. வானத்தில் இருந்து எரி நட்சத்திரங்கள் மழைபோலக் கொட்டின. அமெரிக்கா முழுவதும் மக்கள் அலறி எழுந்தார்கள்.

கடைசிக் காலத்தில் நட்சத்திரங்கள் விழும் என்று பைபிளில் இருக்கிறது. இதோ விழுந்துவிட்டன என்று மக்கள் நடுங்கினார்கள்.

அது லியோனிட் என்ற எரி நட்சத்திரக் கூட்டம். ஏறக்குறைய 33 ஆண்டுக்கு ஒருமுறை அது பெருமழையாக வருவது உண்டு. இந்த உண்மை பிறகுதான் தெரிந்தது.

1836-ல் மில்லரின் சொற்பொழிவுகள் புத்தகமாக வந்தன.

பத்திரிகையும் கூடாரமும்

1839 வரை மில்லர் சிற்றூர்களில்தான் பேசிவந்தார். அந்த ஆண்டு ஜோஷுவா ஹைம்ஸ் என்ற பாதிரியார் அவரைச் சந்தித்தார். பாஸ்டன் நகரத்துக்கு அழைத்துப் போனார்.

ஹைம்ஸ் செயல் வீரர். 1840-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். பிறகு நியூயார்க் நகரில் இன்னொன்று தொடங்கினார். நாலாயிரம் பேர் உட்காரக்கூடிய பெரிய கூடாரம் ஒன்று தைத்தார்கள். ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கூட்டம் நடத்தினார்கள்.

1842-ல் பெரிய படம் ஒன்றும் அச்சாயிற்று. நேபுகாத்நேச்சாரின் சிலை அதில் இருந்தது. அரசுகளைக் குறிக்கும் மிருகங்களும் இருந்தன. பக்கத்தில் ஆண்டுக் கணக்கு. அடியில் வந்து நிற்கும் விடை, 1843. படிக்கத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

சில ஊர்களில் எதிர்ப்பும் இருந்தது. முட்டையும் கல்லும் வீசினார்கள். மில்லர் கவலைப்படவில்லை. கை நடுங்கும் வியாதியோடு ஊர் ஊராகச் சுற்றினார். மொத்தம் 4,500 சொற்பொழிவுகள் செய்ததாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார்.

துருக்கி விழுந்ததா?

மில்லரின் சீடர்களில் ஒருவர் ஜோசையா லிட்ச். அவர் துருக்கி அரசுக்கு நாள் குறித்தார்.

1299-ம் ஆண்டோடு 150 ஆண்டைக் கூட்டினார். 1449 வந்தது. அதோடு 391 ஆண்டையும் 15 நாளையும் கூட்டினார். 1840-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி வந்தது. அன்று துருக்கியின் ஆதிக்கம் வீழும் என்றார்.

அப்போது துருக்கி சுல்தானுக்கும் எகிப்தை ஆண்ட முகமது அலிக்கும் சண்டை. சுல்தான் தோற்றார். பிரிட்டன், ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா ஆகிய நான்கு வல்லரசுகளும் சுல்தானுக்கு ஆதரவாகத் தலையிட்டன. அந்த ஆகஸ்டு மாதம் முகமது அலிக்கு எச்சரிக்கை போனது.

பிறர் தயவில் வாழும் அரசு, விழுந்த அரசுதானே என்று மில்லரின் ஆட்கள் சொன்னார்கள். ஒரு கணக்குப் பலித்துவிட்டது என்ற பேச்சு பரவியது. கூட்டம் பெருகியது.

ஆனால் துருக்கியில் சுல்தான் ஆட்சி 1922 வரை நீடித்தது. லிட்ச் சொன்ன நாளுக்குப் பிறகு இன்னும் 82 ஆண்டு!

நாள் குறித்தார்கள்

மில்லர் முதலில் நாள் குறிக்கவே இல்லை. சுமார் 1843 என்றுதான் சொன்னார். மக்கள் விடவில்லை. எந்த மாதம், எந்த நாள் என்று துளைத்தார்கள்.

யூதர்களின் ஆண்டுக் கணக்குப்படி, 1843 மார்ச்சு 21-ந் தேதிக்கும் 1844 மார்ச்சு 21-ந் தேதிக்கும் இடையில் ஏசுநாதர் வருவார் என்று மில்லர் அறிவித்தார்.

1843 மார்ச்சில் வானத்தில் பெரிய வால் நட்சத்திரம் தோன்றியது. கேட்க வேண்டுமா! பரபரப்பு உச்சிக்குப் போயிற்று.

ஆனால் 1844 மார்ச்சு 21 வந்தது. போனது. ஒன்றும் நடக்கவில்லை.

தான் நாள் குறித்தது தவறு என்று மில்லர் வெளிப்படையாக எழுதினார்.

அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் கணக்கில் ஒரு சிறு பிழை இருப்பது தெரியவந்தது. கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. நடுவில் பூஜ்யம் என்று ஓர் ஆண்டு கிடையாது. ஆகவே 457-ஐக் கழித்தபிறகு ஓர் ஆண்டைக் கூட்டவேண்டும். விடை 1843 அல்ல, 1844!

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், சாமுவேல் ஸ்னோ என்பவர் ஒரு கூட்டத்தில் எழுந்தார். யூதர்களின் ஏழாவது மாதம் பத்தாம் நாள்தான் ஆலயம் சுத்திகரிக்கும் நாள். அது இந்த ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி வருகிறது என்றார்.

காட்டுத் தீபோலச் செய்தி பரவியது. மில்லருக்குத் தயக்கம். ஒரு முறை பட்ட சூடு மறக்கவில்லை. அக்டோபர் தொடக்கத்தில்தான் அவரும் ஒப்புக்கொண்டார்.

விடிந்தது

அந்த நாளும் வந்தது. லோ ஹாம்ப்டனில் மில்லரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. நண்பர்கள் அங்கே கூடினார்கள்.

காலை போனது. மாலை போனது. நள்ளிரவு மணி அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

பொழுது விடிந்தது. எப்போதும்போலச் சூரியன் உதித்தது. பல வீடுகளில் அழுகைக் குரல் கேட்டது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல அழுதார்கள். இறந்துபோன தாயையும் பிள்ளையையும் அன்று பார்க்கலாம் என்று எதிர்பார்த்தவர்கள் அவர்கள்.

ஊரார் சிரித்தார்கள். இன்னும் மேலே போகவில்லையா என்று தெருவில் கேட்டார்கள். வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு கூரைமேல் ஏறி உட்கார்ந்தார்கள் என்று கதை கட்டினார்கள். அதற்கு நல்ல ஆதாரம் எதுவும் கிடையாது.

உண்மையான துன்பம் வேறு. பயிரை விட்டவர்களுக்குக் குளிர்காலத்தில் சாப்பாடு வேண்டுமே! இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்று ஹைம்ஸ் கேட்டுக்கொண்டார்.

ஒருவர் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டிருந்தாராம். அந்த ஆண்டு, தோண்டி வைத்த அண்டை வீட்டாரின் கிழங்கு நோயால் அழுகிப்போனது. இவருடைய கிழங்கு மட்டும் கெடாமல் நல்ல விலைக்குப் போனதாம். இப்படி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

ஒப்புக்கொண்ட மனிதர்

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் புதிது புதிதாக நாள் குறித்தார்கள். சிலர் பைபிளையே தூக்கி எறிந்தார்கள்.

மில்லர் இரண்டும் செய்யவில்லை. 1845-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். தன் வாழ்க்கையையும் கணக்கையும் ஒளிவு மறைவு இல்லாமல் அதில் எழுதினார். காலத்தைக் கணித்ததில் தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஏசுநாதர் வருவார் என்ற நம்பிக்கையை மட்டும் அவர் விடவில்லை.

உள்ளூர் பாப்டிஸ்டு சபை அவரை விலக்கியது. பல ஆண்டாக அவர் பிரசங்கம் வாசித்த சபை அது. மில்லர் சண்டை போடவில்லை. 1848-ல் வீட்டின் அருகே சிறிய கோவில் ஒன்று கட்டப்பட்டது. அங்கே ஜெபம் செய்தார்.

கடைசிக் காலத்தில் கண் பார்வை போய்விட்டது. விறகு வெளிச்சத்தில் படித்த கண்கள்! 1849-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி மில்லர் காலமானார். வயது 67.

எங்கே தவறு?

இப்படிக் கணக்குப் போட்டவர் மில்லர் மட்டும் அல்ல. மடக்கைக் கணக்கைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியர், 1593-ல் எழுதிய நூலில், 1688-க்கும் 1700-க்கும் இடையில் உலக முடிவு வரும் என்று கணித்தார். புவி ஈர்ப்பைக் கண்டறிந்த ஐசக் நியூட்டனும் தானியேல் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபிறகு 1733-ல் அது வெளிவந்தது. அவர் எழுதிவைத்த ஒரு தாளில், 2060-க்கு முன்பு முடிவு வராது என்று கணக்கு இருக்கிறது.

இவர்களுக்குக் கணக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மில்லரின் கூட்டல் கழித்தலில் பூஜ்யம் ஒன்றுதான் பிழை. அதைத் திருத்தியபிறகும் விடை பலிக்கவில்லை.

அப்படியானால் தவறு எங்கே? கணக்குக்கு எடுத்துக்கொண்ட பொருளில்தான் தவறு.

தானியேலில் வரும் 2,300 வேறு காலத்தைக் குறிக்கிறது என்று இன்றைய ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். கி.மு. 167-ல் அந்தியோகஸ் என்ற கிரேக்க அரசர் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினார். கி.மு. 164-ல் யூதர்கள் அதை மீட்டுச் சுத்திகரித்தார்கள். ஆகமம் பேசுவது அந்தத் துன்ப காலத்தைத்தான் என்பது அவர்கள் கருத்து.

இன்னொரு தவறும் உண்டு. அன்றாடச் செய்தியை மில்லரின் ஆட்கள் கணக்குக்குச் சாட்சியாக வைத்தார்கள். போப்பாண்டவர் சிறைப்பட்டார், சுல்தான் தோற்றார், நட்சத்திரம் விழுந்தது. பொருந்திய செய்தியை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். பொருந்தாத செய்தியை விட்டுவிட்டார்கள். எந்தக் காலத்திலும் எங்காவது போர் நடக்கும். எங்காவது ஓர் அரசு விழும். நம் காலத்துச் செய்தி நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

மில்லருக்குப் பிறகு

மில்லரின் ஆட்களில் ஒரு பகுதியினர், அக்டோபர் 22-ந் தேதி சரிதான், ஆனால் அன்று நிகழ்ந்தது விண்ணுலகில் என்று புதிய விளக்கம் கண்டார்கள். அவர்கள் 1863-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையை அமைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் அதில் இரண்டு கோடிக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். மில்லர் அந்தச் சபையைப் பார்க்கவில்லை. அது அமைவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

லோ ஹாம்ப்டனில் 1815-ல் அவர் கட்டிய வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். கோவில் இருக்கிறது. பாறையும் இருக்கிறது. அவருடைய கல்லறையும் அந்த ஊரில்தான் இருக்கிறது.

உலகம் முடியும் நாளைக் குறித்தவர் என்று அவரைக் கேலி பேசுவோர் உண்டு. பெரிய தவறு செய்தார், உண்மைதான். அதனால் பலர் துன்பப்பட்டார்கள், அதுவும் உண்மை.

ஆனால் நாட்டுக்கே தெரிந்த தன் தவறை, நாட்டுக்கே தெரியும்படி அவர் ஒப்புக்கொண்டார். அதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.